145,000 ரூபாய்க்கு ஒரு போலிச் சங்கிலி வாள்: மரம் வெட்டும் தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். இது தணிகிற கோபமாகத் தெரியவில்லை. 145,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு போலிச் சங்கிலி வாளைத் தலையில் கட்டிவிட்டு, இன்று போய் நின்றால் "நீங்கள் யார்?" என்று கேட்கிறார்கள். கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் மரம் வெட்டியும் கிளை கழித்தும் பிழைக்கிறவர்கள் இதை வாசியுங்கள், அடுத்தவருக்கும் சொல்லுங்கள். வாங்கும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வழக்குத் தொடுப்பேன் என்று முதலாளி முன்கூட்டியே மிரட்டியிருக்கிறார். அவர் எனக்குத் தந்த பற்றுச்சீட்டின் இலட்சணத்தைப் பார்த்தால் வழக்கில் அவரே வெல்வார் போலிருக்கிறது. அதனால் வகையை மட்டும் சொல்கிறேன். புறக்கோட்டைப் பக்கம், ஹார்ட்வெயார் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தெருவொன்றின் உட்சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒடுங்கிய கடை. தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், புல்வெட்டி, சங்கிலி வாள் எல்லாம் "வெளிநாட்டில் பாவித்தவை" என்று சொல்லி விற்கிறார்கள். விளம்பரத்தை நான் பார்த்தது இணையத்தில், காணி முதல் கைத்தொலைபேசி வரை எல்லாவற்றையும் எல்லோரும் விற்கிற தளங்களில் ஒன்றில்.

எனக்கு அவசரம் இருந்தது. 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் சாய்ந்து 5 பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு தோட்டத்தில் பெரிய மரம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் காற்றடித்தாலும் எங்களைத்தான் அழைக்கிறார்கள். (குழாய் பதிக்கவும் கேபிள் பதிக்கவும் வேரைக் கண்டபடி அறுத்துவிட்டு, பிறகு மரத்தைக் குற்றம் சொல்கிற ஊர் இது. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.) தென்மேல் பருவமழை மே மாதக் கடைசியில் இறங்கிவிடும். அதற்கு முந்திய வாரங்களில்தான் வருடத்தின் பாதி உழைப்பு எங்கள் கைக்கு வரும். அந்த நேரம் பார்த்து என்னுடைய பழைய மெஷின் கைவிட்டது. சிலிண்டர் தேய்ந்து, சூடேறினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாத நிலை.

விளம்பரத்தில் இருந்தது ஜேர்மனியின் ஸ்டில் கம்பனிப் பெயர் பொறித்த பெரிய மெஷின். குறைவாகப் பாவித்தது, 145,000 ரூபாய். புதிதாக முகவரிடம் வாங்கினால் இந்தப் பணம் போதாது. அதே நேரம் நம்ப முடியாத மலிவும் இல்லை. அந்த விலையே கணக்குப் போட்டு வைத்த விலை என்று இப்போது புரிகிறது. 50,000 என்று போட்டிருந்தால் நான் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன்.

கடையில் இருந்த இளைஞன் நல்ல தமிழில் "அண்ணா, வாருங்கள், உட்காருங்கள்" என்றான். பிளேன்டீ வரவழைத்தான். எந்த ஊர், எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், மரக்காலைக்கு அரிகிறீர்களா அல்லது வீடுகளில் வெட்டுகிறீர்களா என்று அக்கறையாக விசாரித்தான். வீட்டு வேலை என்றதும், "அப்படியென்றால் 18 அங்குல பார் போதும் அண்ணா, 25 அங்குலம் உங்களுக்குப் பாரம்" என்றான். (பார் என்பது சங்கிலி சுற்றி ஓடுகிற நீண்ட தகடு.) கூடின விலைக்குப் பெரிய பாரைத் தள்ளிவிடாமல் குறைந்ததைப் போதும் என்கிற கடைக்காரனை யார்தான் சந்தேகிப்பார்கள்? பிளக்கைக் கழற்றிக் காட்டினான், பால்கோப்பி நிறத்தில் சுத்தமாக எரிந்திருந்தது. கயிற்றை இழுத்ததும் மெஷின் பிடித்துக்கொண்டது. வாசலில் கிடந்த பலா முண்டத்தில் ஒரு வட்டு அறுத்துக் கையில் தந்தான். வட்டு வழுவழுவென்றிருந்தது. நான் வருவதற்கு முன்பே மெஷினைச் சூடாக்கி, புதுச் சங்கிலி மாட்டி, பிளக்கையும் வேறெதிலிருந்தோ எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பிறகு என் மெக்கானிக் சொன்னார். அந்த ஒரு வட்டுக்காகவே தயாரித்து வைத்த மெஷின்.

பற்றுச்சீட்டு கேட்டபோது முதலாளி அச்சடித்த தாளொன்றில் "மெஷின் 1 – 145,000" என்று மட்டும் எழுதினார். மொடல் இல்லை, இலக்கம் இல்லை. திகதியில் மாதம் 4 ஆ 9 ஆ என்று சத்தியமாகப் பிரிக்க முடியாது. ஆறு மாத உத்தரவாதம் என்று வாயால் சொன்னார்கள். பதிவுப் பத்திரத்தைக் கேட்டேன். சங்கிலி வாள்களைப் பொலிஸில் பதிவு செய்யச் சொல்லி 2019 இல் அரசாங்கம் உத்தரவிட்டபோது என் பழைய மெஷினை வரிசையில் நின்று பதிந்தவன் நான். பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிக் கடிதம் வராமல் ஒரு கிளையையும் தொட மாட்டேன் என்று வாடிக்கையாளர்களிடம் சண்டை போடுகிறவன். "பத்திரம் வீட்டில் இருக்கிறது அண்ணா, இந்தக் கிழமைக்குள் ஆட்டோவில் அனுப்பிவிடுகிறேன்" என்றான் அந்தப் பையன். அந்த ஆட்டோ இன்னும் வந்து சேரவில்லை.

சிறு வேலைகளில் மெஷின் ஓடியது. பிறகு கிருலப்பனையில் ஒரு மகோகனி. ஒரு பக்கம் மதில், மறு பக்கம் அடுத்த வீட்டின் அஸ்பெஸ்டஸ் கூரை, விழுத்துவதற்கு இருந்ததெல்லாம் தோட்டத்தின் நடுவே ஒடுங்கலான ஒரு பாதை. தலைப்பாகத்தைத் தம்பி ஒருவன் மேலே ஏறிக் கைவாளால் கழித்துக் கயிற்றில் இறக்கிவிட்டான். மிச்சம் அடிமரம். விழ வேண்டிய பக்கம் வாய் வெட்டி எடுத்தோம். பின்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்தேன். நடுவில் பிணைப்புக்காக விட வேண்டிய மரம் இன்னும் தடிப்பாக இருக்கும்போதே மெஷினின் சத்தம் மாறியது. கீச்சென்று உயர்ந்து, மூச்சுப் பிடித்தது போல நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை, உள்ளே இறுகிவிட்டது. பாரின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் சங்கிலிக்குப் போகவில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாதி அறுத்த மரத்தைவிட ஆபத்தானது எங்கள் வேலையில் வேறொன்றுமில்லை. முழு மரம் நிற்கும், வெட்டிய மரம் விழும். பாதியில் நிற்பது எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. மெஷின் வெட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, கடல் பக்கத்திலிருந்து காற்று எழும்புகிறது, வீட்டுக்கார அம்மா ஜன்னலுக்குள்ளிருந்து "தம்பி, என்ன நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்கிறார். அவரைப் பின்பக்க வழியாக வெளியே அனுப்பினோம். உச்சியில் கட்டியிருந்த கயிற்றை ஆட்கள் இழுத்துப் பிடித்தபடி நிற்க, ஆப்பு அடித்து மெஷினை விடுவித்து, மிச்சத்தைக் கோடரியாலும் இருவர் இழுக்கும் பழைய வாளாலும் முடித்தோம். மரம் நினைத்த இடத்தில்தான் விழுந்தது. ஆனால் அந்தத் தம்பி அன்று மாலை சோற்றுப் பொதியைப் பிரித்துவிட்டு அப்படியே மூடி வைத்தான். 145,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷின் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அது.

கிராண்ட்பாஸில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அதைப் பிரித்தார். பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்க உழுதது போலக் கீறல். கிராங் சீல் (எஞ்சின் தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு) வழியாகக் காற்றுக் கசிந்து, பெற்றோல் கலவை நீர்த்துப்போய், உள்ளே எரிந்திருக்கிறது. சங்கிலிக்கு எண்ணெய் தரும் பம்ப் வெறுமனே சுற்றுகிறது. கம்பனிப் பெயர் நகத்தால் கிள்ளினால் உரிந்து வருகிறது. எஞ்சின் உடலிலேயே அடித்திருக்க வேண்டிய இலக்கம் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கர், அதன் கீழே பழைய பெயின்ட்டின் மேல் புதுப் பெயின்ட். இதையெல்லாம்விட எனக்கு உடம்பு கூசியது பிரேக்கைப் பார்த்தபோது. பார் நுனி மரத்தில் பட்டு மெஷின் முகத்தை நோக்கி எகிறினால், முன்னாலிருக்கும் கைக்காப்பு தள்ளுப்பட்டு அந்த நொடியிலேயே சங்கிலி நிற்க வேண்டும். அதற்காகத்தான் அது இருக்கிறது. இதில் காப்பைத் தள்ளினால் டக்கென்று சத்தம் மட்டும் வருகிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இறுக்கிப் பிடிக்க வேண்டிய பட்டியே இல்லை. சத்தத்துக்காக ஒரு ஸ்பிரிங் மட்டும் வைத்திருக்கிறார்கள். இது ஏமாற்று என்ற சொல்லுக்குள் அடங்குமா?

இனி அவர்கள் என்னை அலைக்கழித்த விதம். தொலைபேசியில் முதலில் தேன் ஒழுகியது. "கொண்டு வாருங்கள் அண்ணா, மாற்றித் தருகிறோம்." கொண்டு போனால், மெக்கானிக் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார், புத்தாண்டு முடியட்டும். முடிந்த பிறகு போனால், மெக்கானிக் வந்துவிட்டார், ஆனால் முதலாளி கதிர்காமம் போயிருக்கிறார். முதலாளி வந்த பிறகு, வெசாக் முடியட்டும், பிறகு பேசுவோம். வெசாக் கூடுகள் எல்லாம் கழற்றிய பிறகு போனேன். பிளேன்டீ வாங்கித் தந்த அதே பையன் கண்ணைப் பார்க்காமல் "எந்த மெஷின்?" என்று கேட்டான். அண்ணா என்ற சொல்லும் காணாமல் போயிருந்தது.

முதலாளி பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் குறைத்துக் கலந்து ஓட்டியிருக்கிறீர்கள். இது உங்கள் பிழை" என்றார். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய், அதாவது 50க்கு 1, அதுவும் கம்பனி எண்ணெய். வேலைக்கு வரும் பையன்களிடம் கூட விடாமல் நானே அளந்து ஊற்றுகிறேன். அதைச் சொன்னேன். சரி, பிரேக்குக்குள் பட்டி இல்லையே, அதையும் எண்ணெயா தின்றது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. "பற்றுச்சீட்டில் மெஷின் என்றுதானே இருக்கிறது, இந்த மெஷின்தான் என்று எங்கே இருக்கிறது?" என்றார். அப்போதுதான் அந்த அரை வரிப் பற்றுச்சீட்டின் அருமை விளங்கியது. அது மறதியால் எழுதாமல் விட்டதல்ல.

விளம்பரத் தளத்துக்கு எழுதினேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது, கீழே "எங்கள் சேவை எப்படி இருந்தது?" என்று ஐந்து நட்சத்திரங்களுடன். விளம்பரத்தைப் பற்றி முறைப்பாடு செய்யும் பொத்தானையும் அழுத்தினேன். விளம்பரம் மறைந்தது. இரண்டு நாள் கழித்து வேறு தொலைபேசி இலக்கத்துடன் அதே படம் திரும்ப வந்தது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்தபோதுதான் விஷயத்தின் அடி தெரிந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். புத்தாண்டு, கதிர்காமம், வெசாக் என்று என்னை ஏன் இழுத்தடித்தார்கள் என்பது அந்த நிமிடத்தில் புரிந்தது. ஒவ்வொரு "முடியட்டும்" என்ற சொல்லுக்கும் பின்னால் ஒரு நாட்காட்டி இருந்திருக்கிறது. மூன்று மாதம் கடந்தால் அவர்கள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தலாம். என் கடிதம் பதிவுத் தபாலில் போய்விட்டது, மெக்கானிக்கின் கையெழுத்தும் படங்களும் சேர்த்து. திகதியில் 4 ஆ 9 ஆ என்ற கேள்விக்கு வங்கியிலிருந்து பணம் எடுத்த சீட்டு பதில் சொல்லும் என்று நம்புகிறேன்.

எதையெதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன். விரிவாக எழுத இப்போது மனமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்ந்த மெஷினை உங்கள் கையால் ஸ்டார்ட் செய்யுங்கள், சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சங்கிலியை ஓடவிட்டுப் பார் நுனியை ஓர் அட்டைக்கு மேலே பிடியுங்கள், எண்ணெய் கோடாகத் தெறிக்க வேண்டும். ஓடும்போது பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள், சத்தத்தை நம்பாதீர்கள், சங்கிலியைப் பாருங்கள். இலக்கம் உடலில் அடித்திருக்க வேண்டும், அதே இலக்கம் பற்றுச்சீட்டிலும் இருக்க வேண்டும். பதிவுப் பத்திரம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். விற்றவர் விடுமுறை என்றால் அன்றைக்கே அதிகார சபைக்குக் கடிதம் போடுங்கள்.

இவ்வளவுதான் முடிகிறது. மழை தொடங்கிவிட்டது, நாள் வாடகைக்கு எடுத்த மெஷினை மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், உழைப்பில் பாதி வாடகைக்கே போகிறது. இதை எழுதும்போதும் அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். "குறைவாகப் பாவித்தது, முழு உத்தரவாதம்." என்னிடம் 145,000. இப்போது 135,000.