தேனீப் பெட்டிக்கான குளிர்காலப் போர்வை: ஒரு மதிப்புரை

உறைபனிக் காலத்தில் தேனீப் பெட்டியைச் சுற்றிப் போர்த்துவதற்கென்று விற்கப்படும் கருநிறப் போர்வை, வெளியே நீர்புகாத நெகிழித்துணியும் உள்ளே கண்ணாடியிழைப் பஞ்சும் கொண்டது. இரண்டடுக்கு லாங்ஸ்ட்ராத் பெட்டிகளில் (அடைகள் கட்டப்படும் மரச்சட்டங்களைக் கழற்றி எடுக்கக்கூடிய வகை) இதைப் பயன்படுத்திப் பார்த்ததில், பக்கச் சுவர்களை இது நன்றாகவே காக்கிறது என்றும், தேனீக்களின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய மேற்பகுதியை அறவே கைவிட்டுவிடுகிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் தேனீக்கள் அடைகளுக்கிடையே நெருங்கித் திரள்கின்றன. அவை குளிர்கால உறக்கத்தில் ஆழ்வதில்லை, சிறகுகளை அசைக்காமல் பறத்தல் தசைகளை மட்டும் அதிரச் செய்து, சேமித்த தேனை எரிபொருளாக்கி வெப்பம் உண்டாக்குகின்றன. புழு வளர்ப்பு நடக்கும்போது திரளின் மையம் 34 பாகை அளவில் இருக்க, வெளி அடுக்கிலுள்ள தேனீக்கள் 10 பாகையை ஒட்டியே தாக்குப்பிடிக்கின்றன. அவை சூடாக்குவது திரளைத்தான், பெட்டி முழுவதையும் அல்ல. ஆகவே வெளிப்போர்வை வெப்பம் தருவதில்லை; வீசும் காற்றைத் தடுத்து, வெப்ப இழப்பைக் குறைத்து, தேன் செலவாகும் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்துகிறது. கருநிறம் வெயிலை உள்வாங்குவதால் தெளிந்த நண்பகலில் திரள் சற்றுத் தளர்ந்து, பக்கத்து அடையிலுள்ள தேனை எட்டிப் பிடிக்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது. தேன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அங்கே நகர முடியாமல் பட்டினியால் மடியும் கூட்டங்களைக் கண்டவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

குறை மேலே இருக்கிறது. தேன் எரியும்போது நீராவியும் வெளிப்படுகிறது. சூடான அந்த ஈரக்காற்று மேலேறி, குளிர்ந்த மூடியின் அடிப்பக்கத்தில் பட்டு நீராகி, கீழேயுள்ள திரளின் மேலேயே சொட்டுகிறது. வறண்ட குளிரைத் தாங்கும் தேனீக்கள் நனைந்தால் தாங்குவதில்லை. போர்வை மட்டும் போர்த்திய பெட்டியின் மூடியை நடுக்குளிர்காலத்தில் மெல்லத் தூக்கிப் பார்த்தபோது, அதன் அடியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. ஓரச் சட்டங்களில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மூடிக்கடியில் 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள நுரைப்பலகை வைத்து மேல்வாயிலையும் (பெட்டியின் மேற்பகுதியிலுள்ள சிறு துளை) திறந்துவிட்ட பெட்டியில் மூடிக்கடியில் உலர்ந்திருந்தது. போர்வையோடு இத்தகைய நுரைப்பலகையையும் சேர்த்துத் தராதது தயாரிப்பாளரின் பெரும் தவறு என்றே கருதுகிறேன். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பலகையையே முதலில் வாங்குங்கள்.

தைத்திருக்கும் முறையிலும் சில குறைகள் உண்டு. மேல்வாயிலுக்கென விடப்பட்ட துளை பெட்டியின் துளையோடு பொருந்தாமல் ஒரு விரலளவு இறங்கியிருக்கிறது. கத்தியால் வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. கீழ்வாயிலைப் பனியோ இறந்த தேனீக்களோ அடைத்துவிடும் நாட்களில் காற்றோட்டத்திற்கும், கழிவகற்ற வெளியே பறந்து திரும்புவதற்கும் மேல்வாயில் ஒன்றே வழி. ஒட்டுப்பட்டை உறைபனியில் பிடிப்பிழந்துவிடுவதால் மேலே ஒரு பட்டைக் கயிறு கட்டுவது நல்லது. அடிவிளிம்பு தரையைத் தொட்டால் உருகும் பனியை உறிஞ்சிக்கொள்ளும். எனவே பெட்டியைத் தாங்கியின் மேல் உயர்த்தி வையுங்கள்.

கூட்டத்தின் நலிவை எந்தப் போர்வையும் ஈடுசெய்யாது. கோடை முடிவிலேயே தேனீக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை நலிவடையச் செய்யும் வரோவா உண்ணிகளைக் கட்டுப்படுத்தியிருந்தால்தான், மாதக்கணக்கில் வாழ வேண்டிய குளிர்காலத் தேனீக்கள் நலமாகப் பிறக்கும். கடும் குளிர்ப் பகுதிகளில் ஒரு கூட்டத்திற்கு 30 முதல் 40 கிலோ தேன் இருப்பில் இருக்க வேண்டும். குறைந்தால் குளிர் தொடங்குமுன் இரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் கலந்த பாகு கொடுத்து ஈடுகட்டலாம். எலி புகாத வாயில்தடுப்பையும் அப்போதே பொருத்திவிட வேண்டும்.

திறந்த வெளியில் காற்றடிக்கும் இடத்தில் மரப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு, மேற்காப்புடன் சேர்த்து, இந்தப் போர்வையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தடித்த நுரைப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. பகல் வெப்பம் தொடர்ந்து 10 பாகையைத் தாண்டத் தொடங்கியதும் கழற்றி, நன்கு உலர்த்தி மடித்து வையுங்கள். ஈரத்தோடு விட்டால் பஞ்சு கட்டிபட்டு, அடுத்த குளிர்காலத்திற்கு உதவாது.