ஆஸ்திரேலியா: தொலைபேசிக் கடமையா, பிராட்பேண்ட் கடமையா?

கேட்பவருக்கெல்லாம் டெல்ஸ்ட்ரா என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் வீட்டுத் தொலைபேசி தர வேண்டும் என்பது பழைய விதி. 2020 ஜூலையில் வந்த புதிய விதியோ, விநாடிக்குக் குறைந்தது 25 மெகாபிட் பதிவிறக்க வேகமுள்ள இணைப்பைத் தரும் பொறுப்பைப் பெரும்பாலும் அரசின் பிராட்பேண்ட் நிறுவனமான என்பிஎன்னின் தலையில் வைக்கிறது.

நகரத்துக்கு இரண்டாவதே போதும். அங்கே குரல் அழைப்பும் பிராட்பேண்ட் வழியேதான் போகிறது. பழைய கடமையை முடித்துக்கொள்ளலாம் என்று அரசுக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணையமும் 2017-இல் சொன்னது.

சரி, பிராட்பேண்டுக்குச் செயற்கைக்கோளை மட்டும் நம்பும் தொலைதூரப் பண்ணைகள்? என்பிஎன்னின் ஸ்கை மஸ்டர் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் பேச்சு தாமதமாகிறது. மின்சாரம் போனால் மோடமும் படுத்துவிடும். பழைய தொலைபேசியின் செம்புக் கம்பிக்கோ எக்ஸ்சேஞ்சிலிருந்தே (தொலைபேசி நிலையம்) மின்சாரம் வரும். காட்டுத்தீ நேரத்தில் இது சின்ன விஷயமல்ல. செம்பைப் பராமரிப்பது செலவுதான். ஆனாலும் என்னைக் கேட்டால், நம்பகமான மாற்று வரும்வரை அங்கே அதை வெட்டக் கூடாது.