கடல்நீர்த் தொட்டியில் எபாக்ஸி புட்டி: மூன்று வருட அனுபவம்

"அண்ணா, பாறையை எதை வச்சு ஒட்டினீங்க?" புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கப்போகும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது நாலடித் தொட்டி. அதற்கென்றே விற்கிற எபாக்ஸி புட்டியை, அதாவது இரண்டு நிறப் பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகும் களிமண் போன்ற பசையை, சென்னை கொளத்தூரில் தேடி வாங்கினேன். பைப் ஓட்டை அடைக்கிற புட்டி விலை குறைவு என்று அதன் பக்கம் போகாதீர்கள். சிலவற்றில் உலோகத் தூள் கலந்திருக்கும். செம்பு துளி கலந்தாலும் இறாலுக்கும் பவளத்துக்கும் ஆகாது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பாக்கெட்டில் 'நீருக்குள்ளேயே ஒட்டும்' என்று போட்டிருக்கிறார்கள். நீருக்குள் இறுகும், அது உண்மை. ஒட்டாது. இரண்டு நிறமும் கோடு தெரியாமல் கலக்கும்வரை பிசைந்து, உள்ளங்கையில் சூடு ஏறும்போது பாறையில் வைத்து அழுத்தினால், கையை எடுக்கும்போது உருண்டையும் கூடவே வந்துவிடும். பாறையின் வழவழப்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். அப்போதும் அதே கதைதான். பாறையின் துளைகளுக்குள் புகுந்து இறுகினால்தான் அதற்குப் பிடிமானம்.

கடைசியில் கைகொடுத்தது ஜெல் சூப்பர் க்ளூ. புட்டி உருண்டையின் இரண்டு பக்கமும் ஜெல்லைத் தடவி, நடுவில் புட்டி இருக்கும்படி பாறைகளைச் சேர்க்க வேண்டும். ஈரம் பட்டதுமே ஜெல்லின் மேல் தோல் கட்டிவிடும். லேசாகத் திருகி அழுத்தினால் அந்தத் தோல் கிழிந்து, உள்ளே இருக்கும் புதுப் பசை பாறையைப் பிடிக்கும். புட்டி கல்லாக இறுகும்வரை ஜெல் தாங்கிக்கொள்ளும். ஜெல்லை மட்டும் நம்பினால் கனமான பாறையில் பட்டென்று விட்டுவிடும்.

அப்புறம் ஸ்கிம்மர், அதாவது நுரை எழுப்பித் தண்ணீரின் அழுக்கைப் பிரித்து ஒரு கோப்பையில் சேர்க்கும் கருவி. முதல் தடவை ஒரே ராத்திரியில் பாக்கெட் முழுவதையும் பயன்படுத்திவிட்டேன். விடிந்து பார்த்தால் கோப்பை பொங்கி, தரையெல்லாம் உப்புத் தண்ணீர். இறுகாத புட்டியிலிருந்து கசிவது நுரையைக் கிளப்பிவிடுகிறது. இப்போதெல்லாம் எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரே நாளில் வைப்பதில்லை. ஸ்கிம்மரில் தண்ணீர் மட்டத்தையும் இறக்கிவிடுவேன்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். வைத்த இடம் ஒன்றுகூட இன்றுவரை விடவில்லை. கடல் முள்ளெலி அடியில் நுழைந்து முட்டித் தள்ளியும் ஒட்டி வைத்த பாறை வளைவு அசையவில்லை. ஒன்பது மாதத்தில் ஊதாநிறக் கோரலைன் பாசி படர்ந்து ஒட்டின இடத்தையே மறைத்துவிட்டது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன்.

இவ்வளவு உறுதியாக நின்றும், நீருக்குள் ஒட்ட இனி இதை வாங்க மாட்டேன். தம்பி, தொட்டி காலியாக இருக்கும்போதே உலர்ந்த பாறையை வெளியில் வைத்து ஒட்டிவிடுங்கள். இடுக்கில் பவள மணலைத் தூவி, தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூவைச் சொட்டினால் நொடியில் இறுகும். சூடும் நெடியும் கிளம்பும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மணல் கொட்டும் முன்பே அடிப்பாறையைத் தொட்டியின் தரையில் உட்கார வையுங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் வருகிறேன். பிடித்துக்கொள்ள ஒருவர் கை போதாது.