ஈர நெல்லுக்கு எது நல்ல வழி: லாரியா, ரயிலா, உலர்த்தியா?

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், அரசின் ஒரு நெல் கொள்முதல் நிலைய வாசலில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிவரிசையில் சாக்கின் இழைகளுக்கு நடுவே வெள்ளையாக நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சணல் பிசிர் என்று நினைத்து இழுத்தேன். வேர். பிரிந்திருந்த தையல் வழியாகக் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு; புளித்த மாவின் வாடை.

அந்த நெல் காலத்தோடு அறுத்தது. தூற்றி, எடை போட்டு, பட்டியலும் போட்டாயிற்று. விவசாயி தன் வேலையை முடித்துவிட்டார். நிலையத்தில் இருந்தவர்களும் நெல்லைப் பிடித்து, அதாவது கொள்முதல் செய்து, முடித்துவிட்டார்கள். நடக்காமல் போனது ஒன்றுதான்: மூட்டை அங்கிருந்து நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமைதூக்கும் அண்ணனைக் கேட்டேன். "மூணு நாளா லாரி வரலை தம்பி. வந்தா ஒன்றரை மணி நேர வேலை. வரலைன்னா இங்கேயேதான் படுக்கை" என்றார்.

காவிரி டெல்டாவில் நெல் பற்றிப் பேசும்போதெல்லாம் விலையைப் பேசுகிறோம், தண்ணீரைப் பேசுகிறோம். அறுத்த நெல் வயலிலிருந்து ஆலைக்குப் போகும் வழியைப் பற்றி, மழை வந்து நனைந்த பிறகுதான் பேசுகிறோம். அந்த வழிக்கு இன்று என்னென்ன மாற்று இருக்கிறது, எதில் காசு போட்டால் நெல் தப்பும் என்று பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இரண்டுதான். ஒரு மூட்டை எத்தனை முறை தோளேறுகிறது? எத்தனை ராத்திரி வெட்டவெளியில் கிடக்கிறது?

நிலையங்களைக் கூட்டுவதா, லாரியைக் கூட்டுவதா

புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கும் குறுவைப் பருவம் வரும்போதெல்லாம் முதலில் எழும் குரல், "எங்கள் ஊருக்கும் ஒரு நிலையம் வேண்டும்" என்பது. நியாயமான குரல்தான். டிராக்டர் டிப்பருக்கு வாடகை கொடுத்து ஐந்தாறு கிலோமீட்டர் கொண்டுபோவது சின்ன விவசாயிக்குச் சுமை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நிலையம் நாளைக்கு 1,000 மூட்டை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 40 கிலோ. மொத்தம் 40 டன். 16 டன் ஏற்றும் லாரி என்றால் தினமும் இரண்டரை லாரி அந்த வாசலுக்கு வந்தாக வேண்டும். மூன்று நாள் வரவில்லை என்றால் 3,000 மூட்டை குவிந்துவிடும். நாலாம் நாள் அடுக்க இடம் இருக்காது, பல நேரம் சாக்கும் இருக்காது. பிடிப்பது நின்றுபோகும். விவசாயியின் நெல் களத்திலேயே கிடக்கும்.

லாரிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க நிலையத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால், ஒரே இடத்தில் குவிந்த நெல் இரண்டு இடத்தில் குவியும். லாரி இன்னும் அதிக வாசல்களுக்குச் சுற்ற வேண்டியிருக்கும். அதனால் இந்தப் போட்டியில் நான் லாரி பக்கம். இணையத்தில் முன்பதிவு செய்து நாள் குறித்துக் கொடுக்கும் முறை வந்த பிறகு வாசலில் முந்துவதற்கான சண்டை குறைந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் நெல் நகர்கிற வேகத்தை அது கூட்டவில்லை. விவசாயிக்கு நாள் குறிப்பதுபோல லாரிக்கும் நாள் குறித்து, அதை நிலைய வாசலில் எழுதிப் போட்டால் பாதிப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியவாவது தெரியும்.

திறந்தவெளிக் கிடங்கு, ரயில், நேராக ஆலை

இப்போது பெரும்பாலும் நடப்பது இது. நிலையத்திலிருந்து லாரியில் திறந்தவெளிக் கிடங்குக்கு. அங்கே மேடை போட்டு அடுக்கி, மேலே தார்ப்பாய். பிறகு மறுபடியும் லாரியில் ரயில் நிலையத்துக்கு. சரக்கு ரயிலில் திண்டுக்கல், மதுரை, தருமபுரி, திருவள்ளூர் என்று வெளி மாவட்டங்களுக்கு அரவைக்கு. அங்கே வேகனிலிருந்து லாரி, லாரியிலிருந்து ஆலை. தோள்களை எண்ணுங்கள்: நிலையத்தில் அடுக்க ஒன்று, லாரியில் ஏற்ற இரண்டு, கிடங்கில் இறக்கி அடுக்க மூன்று, மறுபடி ஏற்ற நாலு, வேகனுக்கு மாற்ற ஐந்து, அந்த ஊரில் இறக்கி லாரியேற்ற ஆறு, ஆலையில் இறக்க ஏழு. ஒவ்வொரு முறையும் கொக்கி குத்துகிறது, சாக்கு கிழிகிறது, கொஞ்சம் நெல் தரையில் சிந்துகிறது.

நிலையத்திலிருந்து நேராக உள்ளூர் அரவை ஆலைக்கு அனுப்பினால் மூன்றே தோள். வெளியில் கிடப்பது அதிகம் போனால் ஓரிரு ராத்திரி. இப்படிப் பார்த்தால் போட்டியே இல்லை, எல்லாவற்றையும் நேராக ஆலைக்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

தடை எங்கே என்றால், சங்கிலியின் மறுமுனையில். அரசிடமிருந்து நெல்லை வாங்கிக்கொள்ளும் ஆலை, அதை அரைத்து அரிசியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ என்பது கணக்கு. அந்த அரிசியை இறக்கக் கிடங்கில் இடம் வேண்டும். கிடங்கு நிறைந்திருந்தால் ஆலையில் அரிசி தேங்கும். அரிசி தேங்கினால் ஆலை புது நெல்லை வாங்காது. ஆலை வாங்காவிட்டால் லாரி நிற்கும். கடைசியில் முளைப்பது நிலைய வாசலில் கிடக்கும் நெல். வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு லாரி வராததுதான் தெரியும். முடிச்சு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு அரிசிக் கிடங்கில் இருக்கக்கூடும். குறுவை அறுவடைக்கு முன்னால், ஆவணியிலேயே, அரிசிக் கிடங்குகளைக் காலி செய்து வைப்பது கூட நெல்லைக் காக்கும் வேலைதான்.

அதோடு டெல்டாவில் விளைவது அத்தனையையும் டெல்டா ஆலைகளே அரைத்துவிட முடியாது. அங்கேதான் ரயில் வருகிறது. 42 வேகன் கொண்ட ஒரு சரக்கு ரயில் சுமார் 2,000 டன் நெல்லைக் கொண்டுபோகும். அதாவது 50,000 மூட்டை. 125 லாரிச் சுமை. தருமபுரி வரைக்கும் 125 லாரி ஓடும் டீசலையும் ஓட்டுநர்களின் தூக்கத்தையும் நினைத்தால், தூரப் பயணத்துக்கு ரயிலை அடிக்க எதுவும் இல்லை. நாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளி பாதை 1861, 62 வாக்கிலேயே போடப்பட்டது. தண்டவாளம் நமக்குப் புதிதில்லை.

ஆனால் ரயிலுக்குப் பொறுமை கிடையாது. ரேக், அதாவது வேகன்களின் வரிசை, வந்து நின்ற நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். இலவச நேரம் தாண்டினால் தாமதக் கட்டணம். அந்த ஐம்பதாயிரம் மூட்டையையும் வேகனுக்குள் சுமப்பது மனிதத் தோள்தான். மழை பிடித்தால் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சரக்கு வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தும் நேரத்தில் கேட் மூடிக் கிடக்கும், தஞ்சாவூர், நாகப்பட்டினம் சாலை இருபுறமும் உறைந்துவிடும். வரிசையில் நிற்கும் வண்டிகளில் அதே ரயிலுக்கு நெல் கொண்டுவரும் லாரியும் ஒன்றாக இருக்கும்.

தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடையின்போது இந்த நீண்ட வழி ஓரளவு நன்றாகவே ஓடுகிறது. வெயில் இருக்கிறது, நெல் காய்ந்திருக்கிறது, பத்து நாள் திறந்தவெளியில் கிடந்தாலும் தாங்கும். அதே வழி புரட்டாசி, ஐப்பசியில் குறுவை நெல்லைக் கொன்றுவிடுகிறது. ஆண்டு முழுக்க ஒரே வழி என்று வைத்திருப்பதுதான் பிசகு. என்னைக் கேட்டால், குறுவைக்கு உள்ளூர் ஆலையும் கூரை போட்ட கிடங்கும், சம்பாவுக்கு ரயில். கூரையில்லாத கிடங்கில் மழைக்காலத்தில் ஒரு மூட்டைகூட இறக்கக் கூடாது.

வியாபாரி

வயலுக்கே வரும் வியாபாரியையும் இந்த வரிசையில் வைத்தாக வேண்டும், ஏனென்றால் விவசாயி உண்மையில் அவரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார். 2025, 26 பருவத்துக்கு அரசு விலை பொது ரகத்துக்கு குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. பொது ரகம் நூறு மூட்டை, 40 குவிண்டால், ஒரு லட்சம் ரூபாய். வியாபாரி குவிண்டாலுக்கு 300 குறைத்துக் கேட்டால் 12,000 ரூபாய் நட்டம். ஆனால் அவர் இன்று சாயங்காலமே ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நிலையத்தில் பத்து நாள் காத்திருந்தால் படுதா வாடகை, காலையில் விரித்து மாலையில் கூட்டிக் குவிக்க ஆள் கூலி, ராத்திரிக் காவல், நகைக்கடன் வட்டி. மழை வந்தால் முதலுக்கே மோசம். அதனால்தான் விலை குறைவு என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். சன்ன ரகச் சம்பாவுக்குச் சில ஆண்டுகளில் வியாபாரி அரசைவிடக் கூடவும் கொடுப்பார், அது வேறு கதை. குறுவையில் அவர் விற்பது வேகம். நிலையம் வேகமாக நகர்ந்தால் அந்த வேகத்துக்கு விலை இருக்காது.

ஈரத்தைத் தளர்த்துவதா, நெல்லைக் காயவைப்பதா

இதுதான் எனக்கு முக்கியமான போட்டி.

மத்திய அரசின் தர விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக் குறுவை 20, 22 என்று வரும். உடனே தளர்வு கேட்போம். முன்பு சில ஆண்டுகளில் 19, 20 என்று தளர்வு கிடைத்ததும் உண்டு. 2025 அக்டோபரில் 22 வரை கேட்டு, மத்தியக் குழுக்கள் வந்து நெல்லை எடுத்துப் பார்த்தன. தளர்வு அந்த நேரத்தில் விவசாயியைக் காப்பாற்றுகிறது, அதை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் கடிதம் போய், குழு வந்து, முடிவு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். தளர்வு கிடைத்தாலும் நெல்லின் ஈரம் குறைவதில்லை. 22 சதவீத ஈரத்தோடு சாக்கில் கட்டி அடுக்கினால் அது சூடேறும், பழுப்பேறும். வயலில் இருந்த ஆபத்து கிடங்குக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை ஆனது? கையால் அறுத்த காலத்தில், அறுத்துப் போட்ட அரி காய்ந்து, கட்டு கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவதற்குள் நாலைந்து நாள் வெயில் கிடைத்துவிடும். இப்போது செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கரை முடித்துவிடுகிறது. காலையில் நின்ற கதிர் மத்தியானம் டிப்பரில் ஈர நெல். அறுக்கிற வேகம் பல மடங்கு கூடிவிட்டது; காயவைப்பது மட்டும் இன்னும் தார்ச்சாலையில் பரப்பிக் காலால் கிண்டிவிடுவதாகவே இருக்கிறது. சாலையில் ஒரு பாதியை நெல் எடுத்துக்கொள்ள, பஸ்ஸும் பைக்கும் மறு பாதியில் போகிற காட்சியை யாரும் விரும்பிச் செய்யவில்லை. களம் இல்லை.

இன்னும் வருத்தமான விஷயம், இது நமக்குப் புதுப் பிரச்சினையும் இல்லை. 1960களின் கடைசியில் திருவாரூர் நவீன அரிசி ஆலையில், குறுவை ஈர நெல்லை என்ன செய்வது என்று பார்க்கவே ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அது நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு வந்து, இன்று நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அறிவு நம் வாசலிலேயே இருக்கிறது.

உலர்த்தி இயந்திரத்தின் கணக்கு இது. 12 டன் கொள்ளும் உலர்த்தியில் மணிக்கு முக்கால் முதல் ஒரு சதவீதம் வரை ஈரம் இறங்கும் என்று வையுங்கள். 22லிருந்து 17க்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம். மழை கொட்டும்போதும் ராத்திரியிலும் ஓடும் என்பதால் நாளைக்கு மூன்று ஈடு எடுத்தால் 36 டன். ஒரு நிலையம் பிடிக்கும் நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு இயந்திரம் போதும். எரிபொருளுக்கு உமி இருக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். ஒரு ரயில் நெல்லோடு சுமார் 400 டன் உமியையும் சேர்த்தே வெளியூருக்கு ஏற்றி அனுப்புகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. ஆண்டில் ஐம்பது, அறுபது நாள்தான் முழு வேலை இருக்கும். தனி விவசாயி வாங்க முடியாது. தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வாங்கி, நாலைந்து ஊருக்குப் பொதுவாக வைக்க வேண்டும். உளுந்து, மக்காச்சோளம் காயவைக்கவும் பயன்பட்டால் கொஞ்சம் கட்டுபடியாகும். எடைக் கணக்கும் இருக்கிறது. 22 சதவீத ஈரமுள்ள நூறு கிலோ நெல்லை 17க்குக் கொண்டுவந்தால் 94 கிலோதான் நிற்கும். அந்த 6 கிலோ தண்ணீர்தான், ஆனால் விவசாயியின் கண்ணுக்கு அது நெல். குவிண்டாலுக்கு 150 ரூபாய் போச்சே என்று நினைப்பார், அதோடு உலர்த்தும் கூலியும். அந்தக் கூலியை அவர் தலையில் கட்டினால் யாரும் உலர்த்தி பக்கம் வரமாட்டார்கள். முளைத்து வீணாகும் நெல்லுக்கும் நிவாரணத்துக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இந்தக் கூலிக்கு மானியமாகக் கொடுப்பது அரசுக்கும் லாபமாகத்தான் முடியும் என்று நம்புகிறேன்.

எஃகுக் கலன்

மூட்டையே இல்லாமல் நெல்லைக் கொட்டி வைக்கும் உயரமான எஃகுக் கலன்களைப் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. யோசித்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. அறுவடை வண்டியிலிருந்து டிப்பருக்கு நெல் உதிரியாகத்தான் கொட்டுகிறது. ஆலையிலும் மூட்டையை அறுத்து உதிரியாகத்தான் கொட்டுகிறார்கள். நடுவில் பயணத்துக்காக மட்டும் சாக்கில் அடைத்து, தைத்து, ஏழு தோள் ஏற்றுகிறோம். ஆனால் காயாத நெல்லைக் கலனில் கொட்ட முடியாது. அது உள்ளேயே கட்டியாகிவிடும். ஆக அங்கேயும் முதலில் உலர்த்திதான் வேண்டும்.

சுமைதூக்கும் தொழிலாளர்களின் பிழைப்பும் அந்தச் சாக்கில்தான் இருக்கிறது. கலனும் கன்வேயரும் வரும்போது, இன்று மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர்களையே அந்த இயந்திரங்களை ஓட்டப் பழக்கி மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள முடியும். அன்று என்னிடம் பேசிய அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் துண்டை மடித்துப் போட்டபடி லாரி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது மறுபடியும் தூறல் ஆரம்பித்தது. எழுந்து போய், மேலே கிடந்த தார்ப்பாயின் முனையை இழுத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.