நகரம் கட்டும் ஆட்டங்கள்: செவன் வொண்டர்ஸா, பிட்வீன் டூ சிட்டீஸா, சபர்பியாவா?

மூன்றும் மேசையில் ஆடும் ஆட்டங்கள். கைக்கு வந்த கார்டிலோ டைலிலோ (அட்டைத் துண்டு) வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவதுதான் டிராஃப்டிங். எடுத்ததை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வது டைல் அடுக்குதல். செவன் வொண்டர்ஸ் முழுக்க முழுக்க முதல் வகை. சபர்பியா பெரும்பாலும் இரண்டாவது வகை. பிட்வீன் டூ சிட்டீஸில் இரண்டும் சரிபாதி. ஆனால் வாங்கும்முன் இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பக்கத்து நாற்காலிக்காரர் உங்களுக்கு எதிரியா, கூட்டாளியா என்பது. ஆட்டத்தின் குணமே அதில்தான் மாறுகிறது.

அந்துவான் போசா உருவாக்கிய செவன் வொண்டர்ஸ் 2010இல் வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதை வாங்கியது. 3 முதல் 7 பேர் ஆடலாம். மூன்று யுகங்கள், அதாவது சுற்றுகள்; யுகத்துக்கு ஆளுக்கு 7 கார்டு. ஆறு முறை ஒவ்வொன்றாக எடுத்த பின் கடைசிக் கார்டு கழிவுக்குப் போகும். எடுத்த கார்டைக் கட்டடமாக்கலாம், உங்கள் பலகையில் உள்ள அதிசயத்தின் ஒரு நிலைக்கு அடியில் செருகலாம், அல்லது கழித்துவிட்டு 3 காசு வாங்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் எடுப்பதால் ஏழு பேர் உட்கார்ந்தாலும் ஆட்டம் இழுக்காது.

முதல்முறை ஆடுபவர்கள் தடுக்கி விழுவது கார்டு பிரிப்பதில். ஆட்டக்காரர் எண்ணிக்கையைவிடப் பெரிய எண் அச்சடித்த கார்டுகளை நீக்கிவிட வேண்டும். மூன்றாம் யுகத்தில் ஊதா நிற கில்டு (வணிகச் சங்கம்) கார்டுகளைக் குலுக்கி, ஆட்டக்காரர் எண்ணிக்கையோடு 2 கூட்டி அத்தனை மட்டும் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் என்றால் 7 கில்டு, 28 சாதாரணக் கார்டு, ஆக 35. எண்ணிப் பார்த்து 35 வராவிட்டால் எங்கோ பிசகு. அடுத்த தவறு வியாபாரத்தில்: பக்கத்தவரின் பழுப்பு, சாம்பல் கார்டுகளிலும் அவர் பலகையிலும் உள்ள மூலப்பொருளை 2 காசு கொடுத்து வாங்கலாம்; தரமாட்டேன் என்று அவர் சொல்ல முடியாது. மஞ்சள் கார்டு தரும் பொருளை மட்டும் வாங்கவே முடியாது.

மூன்று வகைச் சின்னங்கள் கொண்ட பச்சை அறிவியல் கார்டுகளில் கணக்கு முக்கியம். ஒரே சின்னம் எத்தனையோ அதன் வர்க்கம் புள்ளி. மூன்று சின்னமும் சேர்ந்த ஒவ்வொரு தொகுப்புக்கும் 7. கையில் ஆறு பச்சை இருக்கிறது என்று வையுங்கள். 2-2-2 என்றால் 12 + 14 = 26. 4-1-1 என்றால் 18 + 7 = 25. 3-3-0 என்றால் வெறும் 18. மூன்றாவது சின்னத்தை விட்டுவிடுபவர் தோற்பது இதனால்தான். பக்கத்தவர் பச்சை சேர்க்கிறார் என்று தெரிந்தும் கார்டை அவருக்கே தள்ளினால், குறை அவர்மீது இல்லை.

2015இல் ஸ்டோன்மையர் நிறுவனம் வெளியிட்ட பிட்வீன் டூ சிட்டீஸில் உறவு தலைகீழ். இடது பக்கத்தவரோடு ஒரு நகரம், வலது பக்கத்தவரோடு இன்னொன்று கட்டுகிறீர்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் புள்ளி. ஒன்றை மட்டும் ஊட்டி வளர்த்தால் கதை முடிந்தது. முதல் சுற்றில் 7 டைல் எடுத்து, இரண்டை வைத்துக்கொண்டு ஐந்தைத் தள்ள வேண்டும். அப்படி மூன்று முறை. இரண்டாம் சுற்றில், இரண்டு கட்டத்தை அடைக்கும் இரட்டை டைல் மூன்றில் இரண்டு. மூன்றாவது, முதல் சுற்றைப் போலவே, எதிர்த்திசையில். ஒரு நகரத்துக்கு 6 + 4 + 6, அதாவது 4×4 கட்டம் சரியாக நிறையும்.

தேர்ந்தெடுக்கும்போது பேசக் கூடாது. டைலைத் திறந்த பிறகு கூட்டாளியோடு தாராளமாக விவாதிக்கலாம். இந்த விதியைக் கண்டிப்பாகப் பிடியுங்கள். தளர்த்தினால் குரல் பெரியவர் இரண்டு நகரத்தையும் ஆள்வார்.

வைக்கும் இடத்தில்தான் இந்த ஆட்டத்தின் அழகு. பூங்காவைப் பாருங்கள்: ஒட்டி இருக்கும் பூங்கா ஒன்று என்றால் 2 புள்ளி, இரண்டு என்றால் 8, மூன்று என்றால் 12, நான்கு என்றால் 13. நான்கையும் ஒன்றாக ஒட்டினால் 13; இரண்டிரண்டாகப் பிரித்தால் 16. கடைகள் நேர்மாறு: ஒரே வரிசையில் நான்கு என்றால் 16, இரண்டிரண்டாகச் சிதறினால் 10தான். வீட்டுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வந்தால் அந்த வீட்டுக்கு 1 புள்ளிதான். அவசரத்தில் எல்லாரும் மறக்கும் விதி இது.

இரட்டை டைலைத் திருப்பி வைக்க முடியாது. கிடையோ நெடுக்கோ, அச்சடித்தபடிதான். ஆகவே முதல் சுற்று முடியும்போது கிடையாக ஒரு ஜோடி, நெடுக்காக ஒரு ஜோடி காலியிடம் இருக்கும்படி ஆறு டைலையும் அடுக்குங்கள். தொடக்கத்திலேயே நான்கு பக்கமும் பரத்திவிட்டால் நகரத்தின் எல்லை அப்போதே முடிவாகி, பிறகு கடை வரிசைக்கு இடம் இருக்காது.

2012இல் வந்த டெட் அல்ஸ்பாக்கின் சபர்பியாவில் பக்கத்தவருக்குத் தள்ளிவிடுவது கிடையாது. பொதுச் சந்தையில் ஏழு அறுகோண டைல்கள் வரிசையாக இருக்கும். கடைசி இரண்டுக்குக் கூடுதல் விலை இல்லை, மற்றவற்றுக்கு 2, 4, 6, 8, 10 கூடும். அடுத்தவருக்கு உதவும் டைலை நீங்களே எடுத்து, கவிழ்த்து ஏரியாக்கிவிடலாம். தகராறு இப்படித்தான் வரும்.

மக்கள்தொகையை வேகமாக ஏற்றுவதுதான் இதில் புதியவர் செய்யும் தவறு. மக்கள்தொகைப் பலகையில் ஒவ்வொரு சிவப்புக் கோட்டைத் தாண்டும்போதும் வருமானமும் நற்பெயரும் ஒவ்வொன்று குறையும். வருமானம் பலப்படும்முன் ஓடினால் நடு ஆட்டத்தில் கை வறண்டுவிடும். உணவகம், விமான நிலையம் போன்றவை மற்றவர் நகரத்தையும் பாதிப்பதால், ஒவ்வொரு டைல் வைத்ததும் மேசை முழுக்க ஒரு கண் ஓட்ட வேண்டும். ஒருவர் இதை மறந்தாலே கணக்கு பிசகும்.

ஐந்து பேருக்கு மேல், அதுவும் புதியவர்கள் என்றால், பிட்வீன் டூ சிட்டீஸ்தான் என் தேர்வு. 20 நிமிடத்தில் முடியும், யாரும் தனியாகத் தவிக்க மாட்டார்கள். அதே கூட்டம் வாரம்தோறும் கூடும் என்றால் செவன் வொண்டர்ஸ் நீண்ட நாள் சலிக்காது. இரண்டு பேருக்கு நான் எடுப்பது சபர்பியாவை. பிட்வீன் டூ சிட்டீஸில் இருவருக்கான மாற்று விதி உண்டு. ஆனால் அதில் கூட்டாளியோடு வாதாடும் ருசி போய்விடுகிறது. கார்டு ஆட்டம்தான் வேண்டும் என்ற இருவர், 2015இல் தனியாக வந்த செவன் வொண்டர்ஸ் டூயல் பெட்டியை வாங்கட்டும்.