ஆத்தங்குடி கல்: பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது போடலாமா?

ஆத்தங்குடி கல் என்பது கையால் வார்க்கும் பூப்போட்ட சிமென்ட் தரைக்கல். ஹால், படுக்கையறை, பூஜையறை, வெயில் விழாத முன்தாழ்வாரம், இந்த நான்குக்கும் தாராளமாகப் போடலாம். அடுப்படிக்கு ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். குளியலறைக்கும் மொட்டைமாடிக்கும் வேண்டவே வேண்டாம். இந்தக் கல்லைப் பற்றி வரும் புகார்களை அலசினால் பெரும்பாலும் பதித்த கையிலும் பதித்த நேரத்திலும்தான் போய் நிற்கிறது.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் இதைச் செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்துக்கு அச்சு. சிமென்ட், பொடிமணல், ஆக்சைடு நிறப்பொடி கலந்த வண்ணக் குழம்பை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த சிமென்ட் மணல் தூவி ஈரத்தை இழுக்க வைத்து, பிறகு கலவை போட்டு மட்டமாக்குவார்கள். அடுத்தது தண்ணீர்த் தொட்டி. கண்ணாடியை ஒட்டி இறுகிய முகம் என்பதால்தான் பாலீஷ் போடாமலே பளபளக்கிறது. அந்த வண்ணப் படிவத்தின் கனம் சில மில்லிமீட்டர்தான். மொசைக் பாலீஷ் மெஷினை இதன் மேல் ஓட்டினால் பூவும் போய்விடும், பளபளப்பும் போய்விடும்.

சூளை இல்லாததால் பசுமைத் தரை என்று விற்கிறார்கள். பாதி சரி. விட்ரிஃபைட் டைல்ஸை 1200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட வேண்டும். இதற்கு அந்த எரிபொருள் தேவையில்லை. ஆனால் இதில் இருக்கும் சிமென்ட், சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் 1450 டிகிரியில் வெந்து கட்டியான கிளிங்கரை அரைத்து வந்தது. கனமும் அதிகம். முக்கால் அங்குலத் தடிமனுள்ள 10 அங்குலக் கல் இரண்டரை முதல் மூன்று கிலோ வரும். 100 சதுர அடிக்கு 144 கல், ஏறக்குறைய 400 கிலோ. மதுரைக்கும் திருச்சிக்கும் ஏற்றிப் போவது நியாயம். நாட்டின் மறுகோடிக்கு லாரியில் அனுப்பிவிட்டுச் சுற்றுச்சூழல் பேசுவது சரியில்லை. நல்ல மொசைக் தரை ஏற்கெனவே இருந்தால் அதைத் தேய்த்துப் பாலீஷ் போடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பசுமையான வழி. வெடித்தோ பெயர்ந்தோ போன தரைக்கு மட்டும் புதுக்கல் வாங்குங்கள். இன்னொன்று: கால் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், உண்மை. ஆனால் வெயில் இறங்கும் கூரைக்கு இது மருந்தாகாது.

வாங்கும் இடத்தில் விலை கல் ஒன்றுக்கா, சதுர அடிக்கா என்று முதலில் கேளுங்கள். 8 அங்குலக் கல்லென்றால் 100 சதுர அடிக்கு 225 வேண்டும். கணக்கு தப்பினால் பட்ஜெட் எகிறும். எந்தத் தேதியில் வார்த்தது, எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது என்று விசாரியுங்கள். விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உடனே உறிஞ்சிக்கொண்டால் அந்தக் கல் வேண்டாம். உடைந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கி விளிம்பைப் பாருங்கள்: மேலே வண்ணப் படிவம், கீழே சாம்பல் நிறக் கலவை என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். 'ஆத்தங்குடி டிசைன்' என்ற பெயரில் அச்சடித்த செராமிக் டைல்ஸும் கடைகளில் கிடைப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய இரும்பு ஆக்சைடு நிறங்கள் நின்று உழைக்கும். மலிவான நீலமும் பச்சையும் வெளிறக்கூடும். ஒரே வார்ப்பில் முழுத் தேவையையும், கூடவே நூற்றுக்குப் பத்து கல்லும் வாங்கிவிடுங்கள். அடுத்த வார்ப்பில் அதே நிறம் வராது.

புதுப்பிக்கும் வீட்டில் பெரிய சிக்கல் உயரம். கல்லுக்குக் கல் தடிமன் கொஞ்சம் மாறும் என்பதால் மெல்லிய பசையில் ஒட்ட முடியாது. 30 முதல் 40 மி.மீ. கலவைப் படுக்கை வேண்டும். கல்லையும் சேர்த்தால் இரண்டு, இரண்டரை அங்குலம் ஏறிவிடும். கதவின் அடியை அறுக்க வேண்டும். படிக்கட்டின் முதல் படி குட்டையாகிக் கால் தடுக்கும். ஆகவே பழைய தரையைப் பெயர்த்துவிட்டே போடுங்கள். மாடியென்றால் பாரத்துக்காகவும் அதுவே சரி. பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தரைத்தளத்தில் உப்பு பூப்பதுதான் அதிகம் கேட்கும் புகார். மண்ணின் ஈரம் மேலேறும்போது உப்பையும் கொண்டுவந்து முகத்தில் விட்டுப் போகிறது. பெயர்த்த தரையில் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, மேலே மூன்று அங்குலம் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு பதித்தால் பெருமளவு தப்பலாம். கலவைக்கு உப்புத்தண்ணீர் ஆகாது. ஏற்கெனவே பூத்துவிட்டதா? உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, அடங்கும்வரை அதையே செய்யுங்கள். ஆசிட் ஊற்றினால் முகம் அரித்துவிடும். அவசரப்பட்டு சீலர் என்ற மேல்பூச்சை அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, பூச்சு தோலாக உரியும்.

பதிக்கும் கொத்தனாரிடம் மூன்று விஷயம் கறாராகச் சொல்லுங்கள். கல்லைத் தண்ணீரில் முக்கி, பின்புறம் சிமென்ட் பால் தடவிப் பதிக்க வேண்டும். ரப்பர் சுத்தியல் மட்டுமே. இரும்புச் சுத்தியல் பட்டால் மூலை தெறிக்கும். முகத்தில் விழுந்த சிமென்ட் பாலை அந்த நிமிடமே ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும், காய்ந்தால் வராது. இடைவெளி நூலளவு போதும். அதைக் கல்லின் நிறத்துக்கு ஒத்த ஆக்சைடு கலந்த வெள்ளைச் சிமென்டால் அடைக்கலாம்.

மர வேலை, வயரிங், கிரில் வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே தரை. வெல்டிங் பொறியும் கிரைண்டர் தூளும் கல்லில் பதிந்து, துடைத்த ஈரத்தில் துருப்பிடித்து, தரை முழுக்கச் செம்புள்ளியாகிவிடும். காஸ் சிலிண்டரின் அடிவளையம் விடும் துருவட்டமும் அப்படித்தான், போகவே போகாது. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், கழிப்பறை கிளீனர் எது சிந்தினாலும் அந்த இடம் மங்கும். அடுப்படிக்கு யோசிக்கச் சொன்னது இதனால்தான்.

பராமரிப்பு எளிது. பதித்த கலவை நன்றாகக் காயும்வரை வெறும் தண்ணீரில் துடையுங்கள். பிறகு மரத்தூளில் தேங்காய் எண்ணெய் கலந்து ஒருமுறை தேய்த்து, சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அதன்பின் எப்போதாவது ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு எண்ணெய் போதும். கூடினால் தூசி ஒட்டும், வழுக்கும். முதல் சில மாதம் திட்டுத்திட்டாக மங்கித் தெரிவது சகஜம், நடக்க நடக்கப் பளபளப்பு ஏறிவிடும். மீந்த கல்லை முகத்தோடு முகம் வைத்து, நிற்கவைத்த நிலையில், ஈரமில்லாத இடத்தில் அடுக்கி வையுங்கள். நாளைக்கு ஒரு குழாய் உடைந்து தரையைத் தோண்ட நேர்ந்தால், அந்த வார்ப்புக் கல் வேறெங்கும் கிடைக்காது.