24 மணி நேரத் தொலைபேசியா, 15 நாள் படிவமா?

அமெரிக்காவில், சிவப்பு காட்ட வேண்டிய ரயில் சிக்னல் பச்சை காட்டிவிட்டால், ரயில் நிறுவனம் அதை எஃப்.ஆர்.ஏ. என்ற கூட்டாட்சி ரயில்வே நிர்வாகத்திடம் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தக் கோளாறால் விபத்து நடந்திருந்தால், தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். விபத்து நடக்காவிட்டாலும், 15 நாட்களுக்குள் அதற்கான படிவத்தில் எழுத்தில் அறிக்கை தர வேண்டும்.

தொலைபேசியின் பலம் வேகம். சிக்னலை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயையோ வயரையோ மாற்றிச் சரிசெய்வதற்குள் ஆய்வாளர் வந்து பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது அடிபட்ட பிறகு வரும் தகவல்தான்.

படிவம் மெதுவானது. என்றாலும் என் ஓட்டு அதற்கே. யாருக்கும் காயமில்லாமல் தப்பிய சம்பவமும் அதில் பதிவாகிறது. எந்தக் கருவி, எதனால் கெட்டது, என்ன சரிசெய்தார்கள் என்பது எழுத்தில் நிற்கிறது. ஒரே வகைக் கோளாறு வேறு வேறு ஊர்களில் தலைகாட்டினால், இந்தத் தாள்களை அடுக்கிப் பார்த்துத்தானே கண்டுபிடிக்க முடியும்!

லெவல் கிராசிங்குக்கும் இதே இரண்டு கெடுதான். ரயில் வருவதற்குக் குறைந்தது 20 விநாடி முன்பாக எச்சரிக்கை தொடங்காவிட்டால், அதற்கென உள்ள தனிப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

இத்தகைய படிவங்களுக்கு 1995-ஆம் ஆண்டு காகிதப்பணிக் குறைப்புச் சட்டப்படி, அதிகபட்சம் 3 ஆண்டுக்கு ஒருமுறை மறு ஒப்புதல் வேண்டும். அப்போது பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். படிவம் நிரப்பும் சுமையைக் குறைக்கலாம், நியாயமே. விபத்தில்லாக் கோளாறைப் பதியும் பகுதியில் மட்டும் கை வைக்கக் கூடாது.